லிஜிமோள் தாமஸும் டி. லிஜிமோளும்

மகாகாருண்ய மருத்துவமனையில் ஊழியர் யாருக்கும் அடிபடுவதில்லை. அடிபடக்கூடாது என்று நிர்வாகம் தீர்மானம் போட்டது. போட்ட கையோடு அதை நிறைவேற்றியும் விட்டது. 'காயமற்ற பணியிடம்' என்ற விருதை வருடந்தவறாமல் வாங்கி வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒருத்தி போய் அடிபட்டுக்கொண்டால் விருது கொடுத்தவர்களுக்கு அவமானம் அல்லவா? அதனால் ஊசி குத்திக்கொண்ட நர்ஸ்கள் விரலைக் கோட்டுப் பைக்குள் ஒளித்துக்கொண்டு சிரித்த முகமாக நடமாடி வந்தார்கள்.

இரண்டாம் மாடி எலும்பு வார்டு ரம்லத் மட்டும் ஒருமுறை ஒளிக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். உடனே குழு கூடியது. விசாரித்தது. 'ஊசி தன் இடத்தில்தான் இருந்திருக்கிறது, விரல்தான் இடம் பெயர்ந்திருக்கிறது' என்று கண்டுபிடித்து, ரம்லத்தை 'விரல் ஒழுக்கம்' என்ற ஒருநாள் வகுப்புக்கு அனுப்பியது.

"வகுப்பு முடிச்சதுக்கு சர்டிபிகேட்டும் குடுத்தாங்கடி," என்றாள் ரம்லத், மூன்றாம் மாடி பெண்கள் வார்டில் வேலை பார்க்கும் தன் சிநேகிதி லிஜிமோளிடம். "இனிமே எந்த ஊசியும் என்னைப் பாத்தா எந்திரிச்சு நின்னு வணக்கம் சொல்லும்."

லிஜிமோள் சிரித்தாள். அவள் எதற்கும் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கிறவள். கட்டப்பனைப் பக்கம் பிறந்தவள். ஏலக்காட்டில் மூட்டை சுமந்த குடும்பம். தன் முதுகு எதையும் தாங்கும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு இருந்தது. நிர்வாகத்துக்கும் அதே நினைப்புதான்.

வார்டுச் சுவரில் 'இருவர் விதி' என்று ஒன்று சட்டம் போட்டு மாட்டியிருக்கும். தானாக அசைய முடியாத நோயாளியைத் தூக்கவும் புரட்டவும் இரண்டு பேர் வேண்டும், ஒருவர் தனியாக முயலவே கூடாது. அடியில் இயக்குநர் டாக்டர் உண்ணித்தானின் புன்னகை பூத்த படம். நல்ல விதி. குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த இரண்டாவது ஆள்தான் எங்கே இருக்கிறார் என்று தெரியாது.

லிஜிமோள் ஒருநாள் மேட்ரன் ஏலியாம்மாவிடம் போய்க் கேட்டேவிட்டாள்.

"மேடம், காலை டூட்டியில நான் ஒருத்திதான் இருக்கேன். ரெண்டு பேருன்னு சுவத்துல போட்டிருக்கே, ரெண்டாவது ஆள் யாரு?"

மேட்ரன் கோபப்படவில்லை. அவர் கோபப்படுகிற ரகமே இல்லை. எந்தக் கேள்வி வந்தாலும் கோப்பில் விடை இருக்கும் என்று நம்புகிறவர். லிஜிமோளின் கோப்பை எடுத்துப் பிரித்தார்.

"உன் பேரு என்ன?"

"லிஜிமோள் தாமஸ்."

"நர்ஸிங் கவுன்சில் சர்டிபிகேட்ல?"

"அதுல டி. லிஜிமோள்னு இருக்கும் மேடம். இனிஷியலை முன்னாடி போட்டுட்டாங்க. மாத்தித்தரச் சொல்லி அப்பவே எழுதிக் குடுத்தேன்."

"ஐயோ, மாத்திடாதே மோளே," என்றார் மேட்ரன். அவர் முகத்தில் வெளிச்சம் பரவிக்கொண்டிருந்தது.

எங்கள் ஊரில் இந்த இனிஷியல் தொல்லை எல்லோருக்கும் உண்டு. ரேஷன் கார்டில் பெயருக்குப் பின்னால் பதுங்கியிருக்கும். பள்ளிச் சான்றிதழில் முன்னால் வந்து நிற்கும். பாஸ்போர்ட் எடுக்கப் போகும்போது இரண்டும் ஒரே ஆள்தான் என்று வக்கீலிடம் சத்தியம் செய்து முத்திரை வாங்கியே பாதி ஜனங்களுக்கு வயதாகிவிட்டது. இதனால் ஒரு நன்மையும் உண்டு என்று கண்டுபிடித்த பெருமை மகாகாருண்யத்துக்கே சேரும். அடுத்த வாரப் பட்டியலில், பெண்கள் வார்டு காலை டூட்டிக்கு நேராக 'லிஜிமோள் தாமஸ், டி. லிஜிமோள்' என்று இரண்டு பெயர்கள் இருந்தன. இருவர் விதி நிறைவேறிவிட்டது.

யாராவது பார்த்துத் திருத்துவார்கள் என்று லிஜிமோள் நினைத்தாள். திருத்தவில்லை. கொஞ்ச நாளில் தாமதமாக வந்ததற்காக லிஜிமோள் தாமஸுக்கு ஒரு மெமோ வந்தது. அதே மாதம் நேரந்தவறாமைக்காக டி. லிஜிமோளுக்குப் பாராட்டு வந்தது. சம்பளம் மட்டும் ஒருத்திக்குத்தான். அந்த இடத்தில் மட்டும் நிர்வாகத்துக்குக் கண் நன்றாகத் தெரிந்தது.

அந்த வார்டில்தான் சோசம்மா வந்து சேர்ந்தார்; சேடத்தி என்று அக்கா முறை வைத்துத்தான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கள்ளுக்கடையில் மீன்கறி வைத்து மூன்று பஞ்சாயத்துகளில் பெயர் வாங்கியவர். ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. நாக்கு மட்டும் முன்னைவிடச் சுறுசுறுப்பாகிவிட்டது. ஆள் நல்ல கனம்.

"மோளே, தனியாத் தூக்காதே," என்று அவரே சொல்லுவார். "நான் ஒரு ஆளு இல்ல. ஒரு குடும்பம்."

தூக்காமல் என்ன செய்வது? நனைந்த துணியோடு எவ்வளவு நேரம் படுக்கப்போட முடியும்? முதுகில் புண் வந்தால் அதற்கும் நர்ஸைத்தான் கேட்பார்கள். கட்டிலை உயர்த்திக்கொண்டால் குனிய வேண்டியதில்லை என்பது உண்மைதான். உயர்த்துவதற்கு ஒரு கைப்பிடி உண்டு. அந்தக் கைப்பிடிகள் தொலைந்துபோகின்றன என்று நிர்வாகம் எல்லாவற்றையும் திரட்டி ஸ்டோரில் வைத்துப் பூட்டிவிட்டது. அதன் பிறகு ஒன்றுகூடத் தொலையவில்லை.

அன்று இயக்குநர் சுற்றிப் பார்க்க வருகிறார் என்று காலையிலேயே தரையைத் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். 'ஈரம், கவனம்' என்ற மஞ்சள் பலகை இயக்குநர் அறை வாசலில் இருந்தது. அங்கே கம்பளம் விரித்திருந்தது என்றாலும் அவர் வழுக்கி விழுந்துவிடக் கூடாதே. லிஜிமோள் முழங்கால் உயரக் கட்டிலுக்குக் குனிந்து சோசம்மாவின் தோளுக்கடியில் கையைக் கொடுத்தாள். "பிடிச்சுக்கோங்க சேடத்தி," என்று தூக்கினாள். செருப்பு வழுக்கியது. இடுப்பில் ஏதோ ஒன்று தெறித்தது. சோசம்மா கட்டிலில் பத்திரமாக இருந்தார். லிஜிமோள் தரையில் கிடந்தாள். காலை அசைத்துப் பார்த்தாள். வலது கால் தன்னுடையதுதானா என்று சந்தேகமாக இருந்தது. அப்போதுதான் வாழ்க்கையில் முதல் முறையாக அவளுக்குப் பயம் வந்தது.

ஸ்கேனைப் பார்த்த எலும்பு டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. முதுகெலும்பில் டிஸ்க் நழுவியிருக்கிறது. அசையாமல் படுக்க வேண்டும். இன்னொரு முறை பாரம் தூக்கினால் அப்புறம் நிமிர்ந்து நடப்பதற்கு உத்தரவாதமில்லை என்றார்.

மேட்ரன் வந்து தலைமாட்டில் நின்றார். லிஜிமோள் அழுகையை அடக்கிக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சேடத்தியைத் தனியாத் தூக்கறப்போ விழுந்தேன்னு ஒரு வரி எழுதிடுங்க மேடம். அது போதும். அது இருந்தா எனக்கு லீவு கிடைக்கும். இங்க ரெண்டாவது ஆளும் போட்டாகணும். இல்லேன்னா நாளைக்கு வர்றவளும் இப்படித்தான் விழுவா."

"எழுதலாம்தான்," என்றார் மேட்ரன் உண்மையான வருத்தத்துடன். "ஆனா ஊழியர் விழுந்தா எழுத நம்மகிட்ட இடமே இல்லியே மோளே. இங்க விழற பாத்தியதை பேஷண்டுக்கு மட்டும்தான்."

அந்தச் சிக்கலையும் அவரே தீர்த்துவைத்தார். லிஜிமோள் தாமஸ் அன்று காலையிலிருந்தே நோயாளி என்று பதிவாகி, சோசம்மாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் அனுமதிக்கப்பட்டாள். ஆக விழுந்தது ஒரு நோயாளி. ஊழியர் யாரும் விழவில்லை. வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டிக்குக் கீறல் இல்லை.

மறுநாள் மேட்ரன் ஒரு மெமோவோடு வந்தார். 'பணியிலிருந்த செவிலியர் டி. லிஜிமோளுக்கு: தங்கள் பொறுப்பிலிருந்த நோயாளி லிஜிமோள் தாமஸ் தரையில் விழுவதைத் தடுக்கத் தவறியது ஏன்?'

லிஜிமோள் அதை மல்லாந்து படுத்தபடியே இரண்டு தரம் படித்தாள்.

"இதுல யாரு கையெழுத்துப் போடணும் மேடம்?"

"டி. லிஜிமோள்."

"அவ எங்க?"

"அதைத்தான் நாங்களும் கேக்கறோம்," என்றார் மேட்ரன். "நேத்து காலையில டூட்டிக்கு வந்தவ, ஒரு பேஷண்ட் விழுந்துகிடக்கறப்போ பக்கத்துல வந்து தூக்கக்கூட இல்ல. அவ்வளவு அலட்சியம்."

பக்கத்துக் கட்டிலில் சோசம்மா சேடத்திக்குப் பொறுக்கவில்லை. "ஏலியாம்மா, என் கடையில பத்து குப்பி கள்ளு குடிச்சவன்கூட ஒரே ஆளைத்தான் ரெண்டாப் பாப்பான். நீ குடிக்காமலே பாக்கறியே."

சாயங்காலம் லிஜிமோளின் புருஷன் ஸோஜன் குழந்தையோடு வந்தான். குழந்தைக்கு இரண்டு வயது. குஞ்ஞுமோள் என்று கூப்பிடுவார்கள். கட்டிலருகில் வந்ததும் இரண்டு கைகளையும் மேலே நீட்டிக்கொண்டு நின்றது. தூக்கு என்று அர்த்தம். அம்மா தூக்கவில்லை. குழந்தை, ஒருவேளை கை தெரியவில்லையோ என்று நினைத்ததுபோல் குதிகாலை உயர்த்தி இன்னும் மேலே நீட்டியது. லிஜிமோள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அது வலியைவிடப் பெரிதாக இருந்தது.

"யார் மேலேயாவது கேஸ் போடலாமா?" என்றான் ஸோஜன்.

"போடலாம். டி. லிஜிமோள் மேல," என்றாள் அவள்.

விசாரணைக் குழு கட்டிலருகிலேயே கூடியது. நடுவில் இயக்குநர், பக்கத்தில் மேட்ரன். இயக்குநர் எல்லாவற்றையும் திறந்த மனதோடு விசாரித்தார். விழுந்த அன்று காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? கப்பைக்கிழங்கும் மத்தி மீனும். ஆ, கப்பை மந்தம், குறித்துக்கொள்ளுங்கள். செருப்பு எங்கே வாங்கியது? வீட்டில் ஏதாவது மனக்கஷ்டம்? ஜெபம், தியானம் உண்டா? கடைசியில் காரணங்களைத் தொகுத்தார்: கப்பை, செருப்பு, மனப்பான்மை, புவியீர்ப்பு. இதில் புவியீர்ப்பு நிர்வாகத்தின் வரம்புக்குள் வராது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

"சார், கட்டில் கைப்பிடி பூட்டியிருக்கு. தரை ஈரம். நான் தனியா இருந்தேன்," என்றாள் லிஜிமோள்.

"பாத்தீங்களா, இதான் மனப்பான்மை," என்றார் இயக்குநர். பிறகு அவருக்குப் பேச்சு பிடித்துக்கொண்டது. "நம்ம சிஸ்டர்மார் ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். முதுகுங்கிறது தனிநபர் சொத்து. அதை வேலைக்குக் கொண்டுவர்றது உங்க விருப்பம். கொண்டுவந்தா நீங்கதான் பாத்துக்கணும். என்னையே எடுத்துக்கோங்க. இருபது வருஷமா இந்த ஆஸ்பத்திரியை நடத்தறேன். ஒருநாள் முதுகு வலி உண்டா? ஏன்னா நான் ஒருநாளும் குனிஞ்சதில்ல. ஒரு பேஷண்டைத் தொட்டதுகூட இல்ல. ஒழுக்கம்னா அது."

மேட்ரன் கண்கலங்கிக் கை தட்டினார். தீர்ப்பு அன்றே வந்தது. நோயாளி லிஜிமோள் தாமஸுக்குப் பூங்கொத்தும் விரைவில் குணமடைய வாழ்த்தும். செவிலியர் டி. லிஜிமோள் திங்கட்கிழமை பணிக்குத் திரும்பி, இனி கவனமாக இருப்பதாக எழுதிக்கொடுக்க வேண்டும். தவறினால் வேலையை விட்டு ஓடியவளாகக் கருதப்படுவாள்.

"திங்கக்கிழமை நான் இங்கேதானே படுத்திருப்பேன்?" என்று லிஜிமோள் மேட்ரனிடம் கேட்டாள்.

"படுத்திரு. உனக்கு ரெஸ்ட் ரொம்ப முக்கியம். அவளை மட்டும் அனுப்பி வை."

திங்கட்கிழமை வரை காத்திருக்க வார்டால் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமையே புதிதாக ஒரு பெண்ணை அனுப்பினார்கள். அஷிதா என்று பெயர். படிப்பு முடித்து வந்த முதல் வேலை. பட்டியலில் 'அஷிதா கே.எஸ்., கே.எஸ். அஷிதா' என்று இருந்தது. அச்சுப்பிழை என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டாள். மத்தியானம், உறவுக்காரர்கள் சாப்பாட்டுத் தூக்குகளோடு வார்டு நிறைய உட்கார்ந்திருந்த நேரத்தில், சோசம்மாவின் துணி நனைந்துவிட்டது. அஷிதா சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து, குனிந்து, சோசம்மாவின் தோளுக்கடியில் கையைக் கொடுத்தாள்.

லிஜிமோள் அதைப் பார்த்துவிட்டாள். எழுந்து இன்னொரு பக்கம் பிடித்துவிடலாம் என்று பாதி எழுந்தும் விட்டாள். இடுப்பு அவளைத் திரும்பப் படுக்கவைத்தது.

"அஷிதா, கையை எடு."

"சேடத்தி நனைஞ்சு கிடக்காங்க, சேச்சி."

"கிடக்கட்டும். கையை எடுன்னேன்." கத்திய பிறகு குரல் தழைந்துவிட்டது. "சேடத்தி, கொஞ்சம் பொறுத்துக்குவீங்களா?"

"என்னைக் கேட்டுட்டாடி செய்யணும்?" என்றார் சோசம்மா. "இந்தப் பிள்ளையும் உன்னை மாதிரி விழுந்தா நான் எந்த மூஞ்சியோட மறுபடி மீன்கறி வைப்பேன்? மணியை அடி."

லிஜிமோள் தலைமாட்டு மணியை அமுக்கினாள். எடுக்கவில்லை விரலை. சோசம்மா நல்ல கையால் தன் மணியை அமுக்கினார். விஷயம் புரிந்த மற்ற கட்டில்களும் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன. உறவுக்காரர்கள் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டுக் கைபேசியை எடுத்தார்கள். கீழ்மாடியிலிருந்து மேட்ரனும், ஞாயிற்றுக்கிழமையும் விருதுக் கூட்டத்துக்காக வந்திருந்த இயக்குநரும் மூச்சிரைக்க ஓடிவந்தார்கள்.

"என்ன இது? நர்ஸுங்க ஸ்ட்ரைக்கா?" என்றார் இயக்குநர்.

"நான் நர்ஸ் இல்ல சார்," என்றாள் லிஜிமோள். "நீங்கதானே பேஷண்டாக்கினீங்க. பேஷண்டாப் புகார் சொல்றேன். பக்கத்துக் கட்டில் நனைஞ்சு கிடக்கு. புரட்ட ரெண்டு பேர் வேணும். ஒருத்திதான் இருக்கா."

நர்ஸ் சொன்னால் மனப்பான்மை. நோயாளி சொன்னால் புகார். அதுவும் இத்தனை கைபேசிகளுக்கு முன்னால். இயக்குநர் பட்டியலைப் பார்த்தார், அஷிதாவைப் பார்த்தார், மறுபடி பட்டியலைப் பார்த்தார். "மேட்ரன், நீங்க ஒரு பக்கம் பிடிங்க," என்றார். மேட்ரன் பிடித்தார். எத்தனை வருடங்களுக்குப் பிறகோ தெரியாது. சோசம்மாவைப் புரட்டித் துணி மாற்றிப் படுக்கவைத்ததும், மேட்ரன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றார்.

இயக்குநர் லிஜிமோள் பக்கம் குனியாமல் குரலை மட்டும் தாழ்த்தினார். "இவ்வளவு தெம்பா இருக்கே. உன்னை இன்னைக்கே டிஸ்சார்ஜ் பண்றேன். நாளைக்கு வேலைக்கு வா."

"பண்ணுங்க சார். டிஸ்சார்ஜ்ல எப்படி அடிபட்டுதுன்னு எழுதணுமே. அதைத்தான் நானும் நாலு நாளா கேக்கறேன்."

இயக்குநர் பேனாவைத் திறந்திருந்தார். எழுத ஒரு காரணம் தேடினார்.

"நீ வீட்டுல பூப் பறிக்கறப்போ விழுந்தேன்னு போடட்டுமா?"

"அனுமதிச்ச பேப்பர்ல இந்த வார்டுல விழுந்தேன்னு இருக்கு சார். மூணாவது மாடியில ஏது பூ?"

"சரி, வார்டுல. என்ன பண்ணிட்டிருந்தப்போ?"

"என்னைத் தூக்கிட்டிருந்தப்போ," என்றார் சோசம்மா.

"எப்படி?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டார் இயக்குநர்.

"தனியா," என்றது பக்கத்துக் கட்டில். "தனியா," என்றது எதிர்க் கட்டில். கஞ்சி கொண்டுவந்த யாரோ ஒரு மாமியாரும் விவரம் தெரியாமலே, "தனியாத்தானாம்," என்றார்.

அந்த ஒரு வார்த்தையை எழுத இயக்குநருக்குக் கை வரவில்லை. வெகுநேரம் யோசித்து, 'குணமாகவில்லை. ஓய்வு தொடரட்டும்' என்று எழுதிவிட்டுப் படியிறங்கிப் போனார். டி. லிஜிமோளின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடும்படியும் போகிற போக்கில் சொன்னார். அடிபட்டதை எழுதாமல் இருப்பதற்காக மகாகாருண்யம் முதன்முதலாக ஒரு நர்ஸுக்கு ஓய்வு கொடுத்தது.

மறுநாள் காலையில் வார்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். அஷிதாவும், பிரின்ஸி என்று இன்னொருத்தியும். பெயர்கள் வேறு; முகங்களும் வேறு. ஆளுக்கொரு பக்கம் நின்று சோசம்மாவைப் புரட்டினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "பூ மாதிரி இருக்கு மோளே," என்றார் சோசம்மா. லிஜிமோளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள்.

"புதுசா வேலைக்கு எடுத்தாங்களா உன்னை?" என்று பிரின்ஸியிடம் கேட்டாள்.

"இல்ல சேச்சி. நான் கீழ எலும்பு வார்டுல இருந்தேன். நேத்து ராத்திரி இங்க மாத்திட்டாங்க."

"அப்ப அங்க யாரு?"

"ரம்லத் சேச்சி."

"கூட?"

பிரின்ஸி கையிலிருந்த போர்வையை மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"பி. ரம்லத்," என்றாள்.

லிஜிமோள் தலைக்குப் பின்னால் கையை விட்டு மணியைத் தேடினாள்.